குளோவ் பாக்ஸ் கதவு சொன்ன பொய்

ஸ்பீடோமீட்டருக்குப் புதுப் பல்சக்கரம் மாட்டிய பிறகு முதல்முறை நெடுஞ்சாலையில் ஏறினேன். முள்ளைச் சரியாக 60இல் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன், ஆனால் முன்னால் போகிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராக முந்திக்கொண்டே போகிறேன். நாற்பது வயது டிரக் இப்படி ஓடக்கூடாதே என்று கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால், 67 மைல். பல் எண்ணிக்கையை மூன்று முறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருந்தேன். கணக்கு சரிதான். அதில் நான் போட்ட எண்தான் வேறு ஏதோ ஒரு டிரக்குடையது.

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு செவர்லே சி10. அரை டன், இரண்டு சக்கர இயக்கம், 305 கன அங்குல வி8 இன்ஜின், 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். வாங்கும்போதே ஸ்பீடோமீட்டர் செத்திருந்தது. கேபிளைக் கழற்றி, கியர்பாக்ஸின் வால்பகுதியில் செருகியிருந்த சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை உருவினால், யாரோ மென்று துப்பியதைப் போல இருந்தது. எத்தனை பல் என்று எண்ண வழியே இல்லை. சரி, கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினேன்.

அந்தக் கணக்கு எளிதானது. இந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஒரு மைலுக்கு ஸ்பீடோமீட்டர் கேபிள் ஏறக்குறைய 1,001 சுற்று சுற்ற வேண்டும். கியர்பாக்ஸ் உள்ளே ஷாஃப்டில் இருக்கும் பல்சக்கரத்தின் பல், பின் ஆக்சிலின் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது), டயர் ஒரு மைலுக்குச் சுற்றும் சுற்று, இந்த மூன்றையும் பெருக்கி 1,001ஆல் வகுத்தால் கேபிள் பக்கத்துப் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் வேண்டும் என்று வந்துவிடும். துவாரம் வழியாக டார்ச் அடித்து, ஷாஃப்டை மெல்லச் சுற்றி எண்ணியதில் உள்பக்கம் 17 பல். என் டயர் 235/75 ஆர்15, அது மைலுக்குச் சுமார் 720 சுற்று. மிச்சம் இருந்தது ஆக்சில் விகிதம் ஒன்றுதான். அதற்காகப் படுத்து உருண்டு டிரக்கின் அடியில் போவானேன்? அதுதான் குளோவ் பாக்ஸ் (டேஷ்போர்டில் பயணி பக்கம் இருக்கும் சின்னப் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த ஒரு சோம்பல்தான் இந்தப் பதிவு முழுவதற்கும் காரணம்.

தெரியாதவர்களுக்காக: அந்தக் காலத்து செவர்லே, ஜிஎம்சி டிரக்குகளில் குளோவ் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒரு காகித ஸ்டிக்கர் இருக்கும். ‘சர்வீஸ் பார்ட்ஸ் ஐடென்டிஃபிகேஷன்’ என்று தலைப்பு, உரிக்க வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை. மேலே வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண். கீழே வரிசையாக மூன்று எழுத்துக் குறிகள். இவற்றை ஆர்பிஓ குறிகள் என்பார்கள். தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு என்னென்ன போட்டார்கள் என்பது ஒவ்வொரு குறியிலும் இருக்கிறது. பிற்பாடு உதிரி பாகம் எடுக்கிறவர் தடுமாறக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

என் ஸ்டிக்கரில் படிக்க முடிந்தவற்றில் சில: எல்ஈ9 என்றால் நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்த 305 இன்ஜின். எம்டி8 என்றால் 700ஆர்4 கியர்பாக்ஸ். ஒய்ஈ9 என்றால் சில்வராடோ அலங்காரம். என்33 என்றால் ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டியரிங். சி60 என்றால் ஏசி. ஜியூ6 என்றால் ஆக்சில் விகிதம் 3.42. ஜி80 என்றால் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்). இதே வரிசையில் ஜியூ4 என்றிருந்தால் 3.08, ஜிடி4 என்றிருந்தால் 3.73.

3.42ஐப் போட்டுக் கணக்கிட்டால் 41.8 வந்தது. 42 பல் சக்கரம் வாங்கினேன். 40 பல்லும் அதற்கு மேலும் என்றால் அதைத் தாங்கும் உறையும் வேறு, அதையும் வாங்கினேன். ஸ்டிக்கரில் ஜி80 இருந்ததால் டிஃபரன்ஷியல் எண்ணெயில் கலக்கும் ஒரு திரவப் புட்டியையும் சேர்த்து வாங்கினேன். (ஜி80க்கு அந்தத் திரவம் ஊற்றவே கூடாது என்பது பிறகு தெரிந்தது. அந்தப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது.)

அப்புறம்தான் அந்த 67.

முதலில் டயரைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஸ்பீடோமீட்டரையே சந்தேகப்பட்டேன். பழைய டிரக்குகளோடு வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவர் சும்மா பார்க்க வந்தவர், பானெட்டைத் திறந்ததும் கேட்டார்: “இதில் ஏசி இருந்ததே இல்லையே, ஏன்?” இருந்தது, யாரோ கழற்றிவிட்டார்கள் என்றேன். கம்ப்ரஸர் இல்லாததற்கு நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதை அது. அவர் சிரித்துவிட்டு, “கம்ப்ரஸரைக் கழற்றலாம். தகட்டில் வெட்டின ஓட்டையை எப்படிக் கழற்றுவது?” என்றார்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், ஏசி போட்டு வந்த டிரக்குகளுக்குப் பயணி பக்கம் ஒரு பெரிய பெட்டி இருக்கும். ஏசி இல்லாத டிரக்குக்குச் சின்ன ஹீட்டர் பெட்டி, தகட்டில் துளையும் வேறு. டேஷ்போர்டிலும் ஏசி வண்டிக்குக் காற்றுத் துவாரங்கள் உண்டு. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. மாதக்கணக்காக அந்த டேஷ்போர்டின் முன்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். ஸ்டிக்கரில் சி60 இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

அன்றிரவே குளோவ் பாக்ஸ் கதவைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கிய புதிதில் ஸ்டிக்கர் அழுக்காக இருக்கிறதே என்று ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு மூலையைத் துடைத்தேன். அழுக்கோடு மையும் போனது. போனது வின் நம்பரின் பின்பாதி. முதல் எட்டு எழுத்துகள் தெளிவாக இருந்தன, அவை என் டிரக்கின் எழுத்துகளோடு அப்படியே ஒத்துப்போயின. அதனால்தான் மேற்கொண்டு நான் பார்க்கவே இல்லை. யாரும் இந்த ஸ்டிக்கர்களை எதையும் தொட்டுத் துடைக்காதீர்கள். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும்.

மங்கிய எழுத்தைப் படிக்க எனக்கு உதவியது பக்கவாட்டு வெளிச்சம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஸ்டிக்கரோடு படுத்தாற்போல் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத அச்சின் பள்ளம் மெல்ல எழுந்து வந்தது. ஒன்பதாம் இடத்தில் 2. பதினோராம் இடத்தில் ஜே. கடைசி ஆறு எண்களும் கிடைத்தன, அவை என் டிரக்குடையவை இல்லை. பத்தாம் இடம் மட்டும் இ என்றும் படிக்கலாம், எஃப் என்றும் படிக்கலாம்.

1981 மாடல் முதல் எல்லா நிறுவனங்களுக்கும் வின் நம்பர் 17 இடம். பத்தாம் இடம் மாடல் ஆண்டு: இ என்றால் 1984, எஃப் என்றால் 1985. பதினோராம் இடம் தொழிற்சாலை: எஃப் என்றால் மிச்சிகனில் ஃபிளின்ட், ஜே என்றால் விஸ்கான்சினில் ஜேன்ஸ்வில். என் டிரக் ஃபிளின்ட்டில் பிறந்தது. ஆக, இந்தக் கதவு என் டிரக்கின் கதவே இல்லை என்பது ஜேயைப் பார்த்ததுமே முடிவாகிவிட்டது. ஆனாலும் ஆண்டைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி.

வின் நம்பரின் ஒன்பதாம் இடம் சரிபார்ப்பு எண். மற்ற பதினாறு இடங்களையும் வைத்துக் கணக்கிட்டால் அந்த எண்தான் வர வேண்டும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு: ஏ 1, பி 2 என்று ஹெச் 8 வரை, ஜே மறுபடி 1இலிருந்து. ஐ, ஓ, க்யூ மூன்றும் வின் நம்பரில் வரவே வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எடை: முதல் எட்டு இடங்களுக்கு 8, 7, 6, 5, 4, 3, 2, 10, ஒன்பதாம் இடத்துக்கு 0, மிச்சத்துக்கு 9, 8, 7, 6, 5, 4, 3, 2. மதிப்பையும் எடையையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சரிபார்ப்பு எண். மீதி 10 என்றால் அந்த இடத்தில் எக்ஸ் போடுவார்கள்.

என் ஸ்டிக்கரின் முதல் எட்டு: 1, ஜி, சி, டி, சி, 1, 4, ஹெச். அமெரிக்காவில் செய்தது, ஜெனரல் மோட்டார்ஸ், செவர்லே டிரக், மொத்த எடை 5,001 முதல் 6,000 பவுண்டு வரை, இரண்டு சக்கர இயக்கம், அரை டன், பிக்கப் உடல், 305 இன்ஜின். பெருக்கிக் கூட்டினால் 8, 49, 18, 20, 12, 3, 8, 80, மொத்தம் 198. ஜேக்கு 8. கடைசி ஆறு எண்களுக்கு 61. இதோடு பத்தாம் இடத்தை இ என்று வைத்தால் 45 சேர்ந்து 312, மீதி 4. எஃப் என்று வைத்தால் 54 சேர்ந்து 321, மீதி 2. ஸ்டிக்கரில் இருப்பது 2. ஆக, 1985. அழிந்துபோனது ஒரே ஒரு எண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு அதை மீட்டுக் கொடுத்துவிடும், எழுத்தாக இருந்தால் இரண்டு மூன்றுக்குள் குறுக்கிவிடும், துருப்பிடித்த தகட்டிலும் சரி, மங்கிய காகிதத்திலும் சரி.

கதவைத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் பழுப்புப் பெயின்டுக்கு அடியில் நீலம் எட்டிப் பார்த்தது. என் கேபின் உள்ளே வேறெங்கும் நீலம் இல்லை. முன்னால் வைத்திருந்த யாரோ, கதவு உடைந்ததும் பழைய வண்டிக் கிடங்கில் ஒன்றை எடுத்து, நிறம் மாற்றி மாட்டியிருக்கிறார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இருந்திருக்காது. நான்கு ஸ்குரூ வேலை.

சரி, இப்போது எனக்கு ஸ்டிக்கரே இல்லை. இரும்பிடம்தான் கேட்க வேண்டும். ஆக்சிலில் இருந்து ஆரம்பித்தேன். இந்த வகை ஆக்சிலில் வலதுபக்கக் குழாயின் முன்புறம் ஒரு குறி குத்தியிருப்பார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தும் துருவின் குழிகள்தான் தெரிந்தன. முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்தேன். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றியது.

இந்த இடத்தில் பலர் ‘அப்படியானால் ஜி80 இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு. கிளட்ச் தட்டு வைத்த சாதாரண லிமிடெட் ஸ்லிப்புக்குத்தான் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) அந்தச் சோதனை பொருந்தும். 1973இலிருந்து இந்த டிரக்குகளில் ஜி80 என்ற பெயரில் வந்தது ஈட்டன் நிறுவனத்தின் பூட்டு. இரண்டு பின்சக்கரங்களின் சுற்றுக்கும் நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் உள்ளே வேகத்தை உணரும் ஒரு குட்டி கவர்னரின் எடைகள் விரிந்து பூட்டை மாட்டிவிடும். கையால் மெதுவாகச் சுற்றும்போது அது ஒன்றும் தெரியாத சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரியே நடிக்கும்.

அதனால் அதை விட்டுவிட்டு முதலில் விகிதத்தைப் பார்த்தேன். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினேன்; அது இரண்டு சக்கரமும் ஒரு சுற்று சுற்றுவதற்குச் சமம். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன். 3.42 என்றால் ஷாஃப்ட் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும். அது மூன்று சுற்று முடித்து, கோடு கொஞ்சம் தாண்டியதும் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே.

பிறகு மூடியைத் திறந்தேன். பத்து போல்ட் மூடி. எண்ணெய் வடிக்கத் தனித் துளை கிடையாது. மேலே இரண்டு போல்டைத் தளர்த்தி மட்டும் வைத்துவிட்டு மற்ற எட்டையும் எடுத்து, கீழ்விளிம்பை நெம்பினால் எண்ணெய் தட்டில் இறங்கும். மேல் போல்டுகளையும் எடுத்துவிட்டால் மூடியோடு சேர்ந்து மார்பிலும் இறங்கும். துடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைச் சுற்றியதில் விளிம்பில் 40, 13 என்று பொறித்திருந்தது: அதன் பல்லும், அதைச் சுற்றும் சின்னச் சக்கரத்தின் பல்லும். 40ஐ 13ஆல் வகுத்தால் 3.077. அதைத்தான் பட்டியலில் 3.08 என்று எழுதுகிறார்கள். கவர்னர் இல்லை, எடைகள் இல்லை. சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல்.

ஒரு பொய் பிடிபட்டால் எல்லாவற்றின்மேலும் சந்தேகம் வரும். இன்ஜினையும் விடவில்லை. 305 இன்ஜினும் 350 இன்ஜினும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 3.48 அங்குலம். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) மட்டும் 305க்கு 3.736, 350க்கு 4. ஹெட் கேஸ்கெட் மாற்றி வாங்கினால் அப்போது தெரியும் வித்தியாசம். பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். பல் துலக்கும் பிரஷ், ஒரு சின்னக் கண்ணாடி, அரைமணி நேரக் கழுத்து வலி. கிடைத்தது 14010201. அது 305 பிளாக்தான். கடைசி எண் 1க்குப் பதில் 7 என்றிருந்தால் 350. பக்கத்தில் வார்ப்புத் தேதி: கே 22 3. மாதத்துக்கு ஏ முதல் எல் வரை எழுத்து, கே என்றால் நவம்பர். 1983 நவம்பர் 22. டிரக்கின் கதவோரச் சான்று ஸ்டிக்கரில் 1984 ஜனவரி என்று இருக்கிறது. இன்ஜின் தன் வீட்டில்தான் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குக் கீழே எட்டிப் பார்த்தாலே போதும்: ஏறக்குறையச் சதுரமான தட்டு, 16 போல்ட், 700ஆர்4.

கதவோர ஸ்டிக்கரையும் கண்ணை மூடி நம்பவில்லை. டேஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் நம்பரோடு ஒவ்வொரு இடமாகச் சரிபார்த்த பிறகுதான் அந்த ஜனவரியை எழுதிக்கொண்டேன்.

இந்தக் கூத்தையெல்லாம் கேட்ட ஒரு நண்பர், தன் 1978 ஃபோர்டு எஃப்150இல் இப்படி நடக்காது, அதில் விவரமெல்லாம் ஓட்டுநர் கதவிலேயே இருக்கிறது என்றார். கதவைத்தான் முதலில் மாற்றுவார்கள், குளோவ் பாக்ஸ் கதவைவிட அதுதானே அதிகம் இடிபடும் என்றேன். இருவருமாகப் போய்ப் பார்த்தோம். அந்தக் கால ஃபோர்டில் வின் நம்பர் 11 இடம். முதல் மூன்று எஃப்14 என்றால் நான்கு சக்கர இயக்கம், எஃப்15 என்றால் இரண்டு. நான்காவது எழுத்து இன்ஜின். அவருடையதில் ஹெச், அதாவது 351எம். ஆனால் அதே ஹெச் 1968 முதல் 1972 வரையிலான ஃபோர்டு டிரக்கில் 390. என் செவர்லேயில் 305. ஆண்டையும் நிறுவனத்தையும் நிச்சயம் செய்துகொள்ளாமல் எழுத்துப் பட்டியலைத் திறப்பதில் பிரயோசனமே இல்லை. ஃபோர்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று, வலதுபக்கச் சட்டத்தின் மேல், முன்பகுதியில் வின் நம்பரைக் குத்தியிருப்பார்கள். சட்டத்தை யாரும் நான்கு ஸ்குரூவில் மாற்ற மாட்டார்கள். சுரண்டிப் பார்த்தோம், அவர் கதவும் சட்டமும் ஒத்துப்போயின. ஆக்சில் மூடிப் போல்டில் தொங்கிய சின்னத் தகட்டில் 3எல்50 என்று இருந்தது. விகிதம் 3.50, நடுவில் எல் வந்தால் லிமிடெட் ஸ்லிப். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பி வந்து 3.08ஐப் போட்டுக் கணக்கிட்டேன். 37.7. 38 பல் சக்கரம், அதற்குப் பழைய உறையே போதும்; நல்லவேளை அதைத் தூக்கிப் போடவில்லை. மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, அதே நெடுஞ்சாலைக்குப் போனேன். முள் 60ஐத் தொடும்போது ஜிபிஎஸ் 60க்கும் 61க்கும் நடுவில் மாறிக்கொண்டிருக்கிறது.

பார்த்து உறுதி செய்தவற்றை மட்டும் ஒரு அட்டையில் எழுதினேன்: எல்ஈ9, வார்ப்பு எண் பார்த்தது. எம்டி8, தட்டு பார்த்தது. ஜியூ4, பல் பார்த்தது. ஜி80 இல்லை, சி60 இல்லை. ஸ்பீடோமீட்டர் 17க்கு 38. தேதி போட்டு, குளோவ் பாக்ஸுக்குள்ளே பின்சுவரில் ஒட்டிவிட்டேன். கதவைத் திரும்ப மாட்டி, அதன் ஓரத்தில் ‘இது ஜேன்ஸ்வில் 1985, இந்த டிரக்குடையது அல்ல’ என்று பென்சிலால் எழுதினேன். ஸ்டிக்கரை உரிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உரிக்க வேண்டாம் என்றுதானே அதில் போட்டிருக்கிறது, விட்டுவிட்டேன்.